எழுத்து மங்கல், பட்டன் மாயம்: விண்டோஸ் திரை அளவுச் சிக்கல்களை அறிகுறி பார்த்துத் தீர்ப்பது

"எழுத்து ரொம்பச் சின்னதா இருக்கு" என்று வீட்டில் ஒருவர் சொன்னதும், கம்ப்யூட்டர் தெரிந்த பிள்ளை முதலில் கைவைப்பது ரெசல்யூஷனில்தான். 1920×1080 இருந்ததை 1366×768 ஆக்கிவிட்டுப் போய்விடும். எழுத்து பெரிதாகிவிட்டது உண்மை. ஆனால் அன்றிலிருந்து அந்தத் திரையில் எதுவுமே கூர்மையாக இருக்காது. ரெசல்யூஷனைத் தொடாமல் தீர்க்க முடியாத எழுத்தளவுச் சிக்கல் அநேகமாகக் கிடையாது. எந்த அறிகுறிக்கு எதைத் திருக வேண்டும் என்று தெரிந்திருந்தால் போதும்.

திருகுவதற்கு மூன்று இடங்கள் உண்டு. மூன்றும் வேறு வேறு வேலை செய்பவை.

ரெசல்யூஷன் என்பது திரைக்கு அனுப்பப்படும் புள்ளிகளின் எண்ணிக்கை. எல்சிடி திரையில் புள்ளிகள் தயாரிப்பிலேயே பதிக்கப்பட்டவை. அந்த எண்ணிக்கையைத் தவிர வேறு எதை அனுப்பினாலும் திரை அதை இழுத்து நிரப்பிக்கொள்ளும். எனவே செட்டிங்ஸ் → சிஸ்டம் → டிஸ்ப்ளே பக்கத்தில் "ரெக்கமண்டட்" என்று போட்டிருக்கும் எண்ணிலேயே அதை விட்டுவிட வேண்டும்.

அதே பக்கத்தில் ஸ்கேல் இருக்கிறது. எழுத்து, பட்டன், ஐகான், ஓரம் எல்லாவற்றையும் சேர்த்துப் பெரிதாக்குவது இது. 100% என்றால் ஓர் அங்குலத்துக்கு 96 புள்ளி (சுருக்கமாக டிபிஐ) என்று விண்டோஸ் கணக்கு வைக்கிறது. 125% என்றால் 120, 150% என்றால் 144, 200% என்றால் 192. மடிக்கணினிகள் பெரும்பாலும் 125 அல்லது 150-இல்தான் வருகின்றன; பலருக்கு அது தெரிவதே இல்லை.

மூன்றாவது, ஆக்ஸசிபிலிட்டியின் கீழ் உள்ள டெக்ஸ்ட் சைஸ். விண்டோஸ் 10-இல் ஈஸ் ஆஃப் ஆக்ஸஸ் என்ற பெயரில் இருக்கும். எழுத்தை மட்டும் 100 முதல் 225% வரை வளர்க்கும். எழுத்து உட்கார்ந்திருக்கும் பெட்டியைப் பெரிதாக்குவது அந்தந்த நிரலின் பொறுப்பு. பல நிரல்கள் அந்தப் பொறுப்பை ஏற்பதில்லை.

இப்போது கோளாறுகளின் வேர். ஸ்கேலை நீங்கள் 150% ஆக்கும்போது நிரல்கள் மூன்று விதமாக நடந்துகொள்ளும். ஸ்கேல் என்ற ஒன்றே தெரியாத பழைய நிரல் 100% அளவில் வரைந்து கொடுக்கும். விண்டோஸ் அந்தப் படத்தை, பாஸ்போர்ட் போட்டோவை ஃப்ளெக்ஸ் பேனருக்கு இழுத்ததுபோல இழுத்துப் போடும். விளைவு மங்கல். விஸ்டா காலத்தில் வந்த ஏற்பாடு இது. அடுத்த வகை நிரல், "நானே பார்த்துக்கொள்கிறேன், நீ தொடாதே" என்று விண்டோஸிடம் அறிவித்துவிட்டு ஒன்றும் செய்யாது. விளைவு, எறும்பு அளவு எழுத்து. மூன்றாவது வகை, எழுத்தை வளர்த்துவிட்டுப் பெட்டியை அப்படியே விட்டுவிடும். விளைவு வெட்டுப்பட்ட சொற்கள். மங்கலா, சிறிதா, வெட்டா என்று பார்த்தாலே நோய் பாதி பிடிபட்டுவிடும்.

திரை முழுக்க மங்கல்

ஒரு சோதனை இருக்கிறது, அதை முதலில் செய்யுங்கள். பிரிண்ட் ஸ்க்ரீன் எடுத்து அந்தப் படத்தை உங்கள் போனுக்கு அனுப்பிப் பெரிதாக்கிப் பாருங்கள். போனில் கூர்மையாகத் தெரிந்தால் கணினி ஒழுங்காக வரைந்திருக்கிறது. தவறு ரெசல்யூஷனிலோ மானிட்டரிலோ கேபிளிலோ. போனிலும் மங்கலாகவே தெரிந்தால் தவறு ஸ்கேலிங்கில், அதாவது அடுத்த பகுதிக்குப் போக வேண்டும். அரை நிமிட வேலை. கடைக்காரர் புது மானிட்டர் விற்பதை இது பலமுறை தடுக்கும்.

ரெசல்யூஷன் "ரெக்கமண்டட்" எண்ணில் இல்லையென்றால் அங்கே மாற்றுங்கள். புரொஜெக்டர் இணைத்திருந்தால் விண்டோஸ் கீயுடன் பி அழுத்திப் பாருங்கள்: டூப்ளிகேட் என்றிருந்தால் இரண்டு திரைக்கும் பொதுவான ஒரு ரெசல்யூஷனுக்கு இறங்கியிருக்கும். எக்ஸ்டெண்ட் ஆக்கினால் மடிக்கணினித் திரை தன் பழைய கூர்மைக்குத் திரும்பும்.

டிவியை மானிட்டராகப் பயன்படுத்துகிறவர்களுக்குத் தனிக் கதை. டிவி வரும் படத்தைக் கொஞ்சம் பெரிதாக்கி ஓரங்களை வெட்டும், ஷார்ப்னஸ் என்று எழுத்தைச் சுற்றி வெள்ளை விளிம்பு போடும். டிவி ரிமோட்டில் அந்த எச்டிஎம்ஐ உள்ளீட்டுக்கு பிசி மோடு அல்லது ஜஸ்ட் ஸ்கேன் என்ற தேர்வு இருக்கிறதா என்று தேடுங்கள். விண்டோஸில் எதை மாற்றியும் இது தீராது.

எல்லாம் சரி, எழுத்து விளிம்பில் மட்டும் நிறச் சிதறல் என்றால், ஸ்டார்ட் மெனுவில் கிளியர்டைப் என்று ஆங்கிலத்தில் தட்டி, வரும் கருவியில் கண்ணுக்கு நன்றாகத் தெரியும் மாதிரிகளைத் தேர்ந்தெடுத்துக்கொண்டே போங்கள்.

ஒரே ஒரு நிரல் மட்டும் மங்கல், மற்றதெல்லாம் கூர்மை

இதுதான் அதிகம் வரும் புகார். பில்லிங், கணக்கு, மருந்துக்கடை இருப்பு என்று வருடக்கணக்கில் ஓடும் நிரல்கள் பெரும்பாலும் இந்த ரகம்.

நிரலின் ஷார்ட்கட்டில் வலது கிளிக், ப்ராபர்ட்டீஸ், கம்பேட்டிபிலிட்டி, அதில் சேஞ்ச் ஹை டிபிஐ செட்டிங்ஸ். கீழே உள்ள ஓவர்ரைடு (மீறல்) பெட்டியில் டிக் போட்டால் மூன்று தேர்வுகள் கிடைக்கும். முதலில் "சிஸ்டம் (என்ஹான்ஸ்டு)" என்பதைத் தேர்ந்தெடுத்து, நிரலை முழுமையாக மூடித் திறந்து பாருங்கள். 2017-இல் விண்டோஸ் 10-இன் 1703 பதிப்பில் வந்த வசதி இது. ஜிடிஐ என்ற பழைய முறையில் எழுத்து வரையும் நிரல்களில், விண்டோஸ் படத்தை இழுக்காமல் எழுத்தையே பெரிய அளவில் புதிதாக வரைய வைக்கும். பழைய பில்லிங் நிரல்களில் பல இந்த முறையில் எழுதப்பட்டவை என்பதால் பலன் நன்றாகவே தெரியும். ஐகான்களும் லோகோவும் மங்கலாகவே இருக்கும். அவை படங்கள், அவற்றுக்கு வைத்தியமில்லை.

அதில் மாற்றமில்லை அல்லது கோடுகள் கோணலாகின என்றால் "அப்ளிகேஷன்" என்பதை முயலுங்கள். "விண்டோஸ் இழுக்கவேண்டாம்" என்பது இதன் பொருள். எழுத்து கூர்மையாகும், சில நிரல்களில் சிறிதாகிவிடும். கூர்மையான சிறிய எழுத்தா, மங்கலான பெரிய எழுத்தா என்பதை அந்த நிரல் முன் நாள் முழுக்க உட்காருகிறவர் முடிவு செய்யட்டும். உதவிக்கு வந்தவருக்கு எது அழகாகத் தெரிகிறது என்பது இங்கே கணக்கில் இல்லை.

காலையில் கணினியைத் திறந்தபோது நன்றாக இருந்தது, ஸ்கேலை மாற்றிய பிறகு மங்கியது என்றால் எதையும் தேட வேண்டாம். சைன் அவுட் செய்து மறுபடி உள்ளே வாருங்கள். சைன் இன் செய்த நேரத்தில் என்ன ஸ்கேல் இருந்ததோ அதையே கடைசிவரை பிடித்துக்கொண்டிருக்கும் நிரல்கள் ஏராளம். விண்டோஸ் 10-இல் அட்வான்ஸ்ட் ஸ்கேலிங் செட்டிங்ஸ் பக்கத்தில், மங்கலான நிரல்களை விண்டோஸே சரிசெய்ய முயலட்டும் என்ற ஒரு சுவிட்ச்சும் உண்டு. 2018-இல் வந்தது. போட்டு வைப்பதில் நஷ்டமில்லை, பெரிதாக எதிர்பார்க்கவும் வேண்டாம்.

ஸ்டோரிலிருந்து நிறுவிய செயலிகளுக்கு இந்தக் கம்பேட்டிபிலிட்டி பக்கம் வராது. அவை பொதுவாக மங்குவதும் இல்லை.

ஒரு நிரல் மட்டும் எறும்பு அளவு

முந்தையதன் மறுபக்கம். அங்கே அளவு சரி, கூர்மை இல்லை. இங்கே கூர்மை உண்டு, படிக்க முடியாது. 4கே திரையில் 200% ஸ்கேலில் இருப்பவர்களுக்கு இது கண்ணைப் பிடுங்கும், ஏனென்றால் பட்டன்கள் இருக்கவேண்டிய அளவில் பாதிதான் இருக்கும்.

அதே ஓவர்ரைடு பட்டியலில் இந்தத் தடவை "சிஸ்டம்" என்பதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். "நானே பார்த்துக்கொள்கிறேன்" என்று நிரல் சொன்னதை மீறி விண்டோஸ் இழுத்துப் பெரிதாக்கும். மங்கும், ஆனால் வேலை நடக்கும்.

ஜாவா நிரல்களில் ஒரு கண்ணி. ஜாவா 8-இல் ஓடும் மேசைநிரல்கள் இந்த எறும்பு ரகத்துக்குப் பெயர்போனவை. 2017-இல் ஜாவா 9 வந்த பிறகுதான் விண்டோஸில் ஸ்கேலை மதிக்கத் தொடங்கியது. அப்படிப்பட்ட நிரலின் ஷார்ட்கட்டில் டிக் போட்டுவிட்டு "ஒன்றும் ஆகவில்லையே" என்று நிற்பார்கள். உண்மையில் ஓடிக்கொண்டிருப்பது ஜாவாவின் எக்ஸி கோப்பு. டாஸ்க் மேனேஜரில் அந்த நிரலின் மேல் வலது கிளிக் செய்து ஓப்பன் ஃபைல் லொக்கேஷன் கொடுத்தால் அந்தக் கோப்பு இருக்கும் இடம் திறக்கும். டிக் போட வேண்டியது அங்கே. நிரல் புதிய ஜாவாவில் ஓடும் என்று தந்தவர் உறுதி சொன்னால், ஜாவாவைப் புதுப்பிப்பதே நல்ல வழி.

எதையும் மாற்றுவதற்கு முன் நிரலின் சொந்த அமைப்புகளையும் ஒரு பார்வை பார்த்துவிடுங்கள். போட்டோஷாப்பில் ப்ரிஃபரன்சஸ் → இன்டர்ஃபேஸில் யுஐ ஸ்கேலிங் இருக்கிறது. விஎஸ் கோடில் கண்ட்ரோலுடன் கூட்டல் குறியை அழுத்தினால் முழு நிரலும் வளரும். தானே பெரிதாகிக்கொள்ளத் தெரிந்த நிரலை விண்டோஸை விட்டு இழுக்கச் சொல்வது வீண்.

சேவ் பட்டனைக் காணோம், சன்னலின் அடிப்பாகம் திரைக்குக் கீழே போய்விட்டது

இதற்குக் கொஞ்சம் கணக்கு தேவை. 1366×768 திரையில் 125% வைத்தால், நிரலுக்குக் கிடைக்கும் இடம் 768-ஐ 1.25 ஆல் வகுத்தது: 614. விண்டோஸ் 11-இல் டாஸ்க்பார் 48 எடுத்துக்கொள்ளும். மிச்சம் 566. பழைய நிரல்களின் படிவங்கள் பல 800×600 திரையை மனதில் வைத்து வரையப்பட்டவை. அகலத்தில் 1093 இருக்கிறது, தாராளம். உயரத்தில்தான் உதைக்கிறது. சேவ், கேன்சல் இரண்டும் எப்போதும் படிவத்தின் அடியில்தான் இருக்கும் என்பதால், காணாமல் போவதும் அவையே. 1920×1080 திரையில் 150% என்றால் உயரம் 720. 1024×768-க்கு வரையப்பட்ட படிவம் அங்கேயும் அடிபடும்.

வாடிக்கையாளர் எதிரே நிற்கிறார், இப்போதே சேவ் ஆக வேண்டும் என்றால்: கடைசியாகத் தெரியும் கட்டத்தில் கர்சரை வைத்து டேப் கீயை ஒவ்வொன்றாக அழுத்திப் போய், என்டர் தட்டலாம். கண்ணுக்குத் தெரியாத பட்டனை அழுத்துவதால் கேன்சலில் விழும் வாய்ப்பும் உண்டு. அதைவிட நம்பகமான வழி, டிஸ்ப்ளே பக்கத்தில் ஓரியன்டேஷனை போர்ட்ரெய்ட் ஆக்குவது. திரை பக்கவாட்டில் சாயும், உயரம் 1366 ஆகிவிடும், பட்டன் கண்முன் வந்து நிற்கும். தலையைச் சாய்த்து, பக்கவாட்டில் ஓடும் மவுஸைத் திட்டிக்கொண்டே கிளிக் செய்துவிட்டு மறுபடி லேண்ட்ஸ்கேப். பார்க்க வேடிக்கைதான், ஆனால் தவறாது.

நிரந்தரத் தீர்வுக்கு, டாஸ்க்பாரைத் தானாக மறையும்படி வைத்துப் பாருங்கள். போதவில்லையென்றால் அந்த நிரலுக்கு மட்டும் ஓவர்ரைடில் "அப்ளிகேஷன்" போடுங்கள்: சிறிதாகத் தெரியும், முழுதாகத் தெரியும். அதிலும் படிவம் கலைந்தால் ஸ்கேலை 100% ஆக்கி, டெக்ஸ்ட் சைஸை மட்டும் 120, 130 என்று ஏற்றுங்கள். விண்டோஸின் மற்ற எழுத்துகள் படிக்கும்படி இருக்கும், பழைய நிரல் தன் அளவில் கிடக்கும். 768 உயரத் திரை வைத்திருப்பவர்களுக்கு என் தேர்வு எப்போதும் இந்தக் கடைசி வழிதான்.

எழுத்தின் தலையும் காலும் வெட்டுப்படுகின்றன

ஆங்கிலத்தில் நன்றாக இருக்கும் நிரல் தமிழில் மட்டும் வெட்டுப்படுவதைப் பார்த்திருப்பீர்கள். கி, தீ போன்றவற்றின் மேல் வளைவும் சுழியும் மேலே ஏறும். கு, மூ போன்றவற்றின் வால் கீழே இறங்கும். புள்ளி தலைக்கு மேல் உட்காரும். ஆங்கில எழுத்துக்கு அளந்து, இத்தனை புள்ளி உயரம் என்று ஆணியடித்த பெட்டியில் இதற்கெல்லாம் இடமில்லை. டெக்ஸ்ட் சைஸை ஏற்றினால் நிலைமை இன்னும் மோசமாகும், எழுத்து வளர்ந்து பெட்டி வளராததால்.

மேற்பகுதி வெட்டுப்படுவதை அலங்காரக் குறையாக நினைக்கக்கூடாது. புள்ளி போனால் "பல்" என்பது "பல" ஆகிவிடும். சுழி போனால் தி, தீ இரண்டும் ஒன்றாகத் தெரியும். பெயர்ப் பட்டியல் அச்சிடும் இடத்தில் இது உண்மையான தவறாகவே முடியும்.

முதலில் டெக்ஸ்ட் சைஸை 100%-க்குக் கொண்டுவந்து, தேவையான பெருக்கத்தை ஸ்கேலில் கொடுங்கள். ஸ்கேல் எழுத்தையும் பெட்டியையும் ஒன்றாக வளர்ப்பதால் பல இடங்களில் இதுவே போதும். நிரலுக்குள் எழுத்துரு மாற்ற முடிந்தால் வேறொன்றை முயலுங்கள். விண்டோஸ் 8 முதல் தமிழுக்கு இயல்பாக வருவது நிர்மலா யுஐ. அதற்கு முன்னர் விண்டோஸ் 2000 காலத்திலிருந்து லதா. ஒரே 11 பாயின்ட்டில் வைத்தாலும் இரண்டும் எடுக்கும் உயரம் ஒன்றல்ல. எக்ஸெலில் வரிசை உயரத்தைக் கையால் நிர்ணயித்திருந்தால், வரிசைகளின் எல்லைக்கோட்டில் இரட்டைக் கிளிக் செய்யுங்கள். உயரம் தானே சரியாகும்.

பட்டனில் சொல் பாதியில் நின்று மூன்று புள்ளி வந்தால் அது அகலப் பிரச்சினை. அதற்கு நிரலை எழுதியவர்தான் இடம் ஒதுக்க வேண்டும். எழுத்து வெட்டுப்படாமல் முழுக்க ஆங்கிலக் கிறுக்கலாகத் தெரிந்தால் அது வேறு வியாதி: பாமினி மாதிரியான பழைய எழுத்துரு அந்தக் கணினியில் இல்லை. இந்தக் கட்டுரையில் உள்ள எதுவும் அதற்கு உதவாது.

மானிட்டர் மாற்றி இழுத்தால் அளவு மாறுகிறது

மடிக்கணினி 150%, வெளி மானிட்டர் 100%. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு சன்னலை இழுத்தால் திடீரென்று பூதாகாரமாகிறது அல்லது மங்குகிறது. திரைக்குத் திரை வேறு ஸ்கேல் என்பதே 2013-இல் விண்டோஸ் 8.1-உடன்தான் வந்தது, அதற்கு முன் எழுதப்பட்ட நிரல்களுக்கு அப்படி ஒன்று இருக்கும் என்றே தெரியாது.

சிக்கல் தரும் நிரலை எந்தத் திரையில் அதிகம் பயன்படுத்துகிறீர்களோ அதை மெயின் டிஸ்ப்ளே ஆக்கி, சைன் அவுட் செய்து உள்ளே வாருங்கள். ஹை டிபிஐ பக்கத்தின் மேல்பாதியில் ப்ரோகிராம் டிபிஐ என்ற பகுதியும் உண்டு. அங்கே "ஐ ஓப்பன் திஸ் ப்ரோகிராம்" என்பதைத் தேர்ந்தெடுத்தால், சைன் இன் நேரத்துக்குப் பதில் நிரலைத் திறக்கும் நேரத்து அளவை எடுத்துக்கொள்ளும். மடிக்கணினியை அடிக்கடி டாக்கில் (வெளி மானிட்டரோடு இணைக்கும் பெட்டியில்) போட்டு எடுப்பவர்களுக்கு இது நல்ல உபாயம். வேர்டு, எக்ஸெலில் மட்டும் தொல்லை என்றால் ஆப்ஷன்ஸ் → ஜெனரலில் பல திரைகளுக்கான தேர்வை "காம்பேட்டிபிலிட்டி" பக்கம் மாற்றிப் பாருங்கள்.

ஸ்கேல் பெட்டி சாம்பல் நிறத்தில் உறைந்து கிடக்கிறது

யாரோ கஸ்டம் ஸ்கேலிங்கில் 110, 135 என்று ஓர் எண்ணைத் தட்டியிருக்கிறார்கள். 100 முதல் 500 வரை எதையும் அது ஏற்கும். எல்லாத் திரைக்கும் அதையே திணிக்கும். அதே பக்கத்தில் கஸ்டம் ஸ்கேலிங்கை நிறுத்தி சைன் அவுட் செய்யச் சொல்லும் வரி இருக்கும். அதைச் செய்துவிட்டுப் பட்டியலில் உள்ள எண்களோடு நின்றுகொள்ளுங்கள்.

பிரவுசரில் இணையதளம் போன் வடிவத்துக்கு மாறிவிட்டது

மெனு எல்லாம் போய் மூன்று கோடு மட்டும் நிற்கிறதா? 1920 அகலத் திரை, ஸ்கேல் 150%, பிரவுசர் ஜூமும் 150%. வகுத்துப் பாருங்கள், தளத்துக்குத் தெரியும் அகலம் 853. "இது டேப்லட்" என்று தளம் முடிவு செய்துவிடுகிறது. கண்ட்ரோலுடன் பூஜ்யம் அழுத்தினால் ஜூம் 100%-க்குத் திரும்பும். எழுத்து மட்டும் பெரிதாக வேண்டுமென்றால் குரோமில் செட்டிங்ஸ் → அப்பியரன்ஸ் → ஃபான்ட் சைஸை மாற்றலாம்.

சில தளங்கள் இந்த மாற்றத்தைக் கண்டுகொள்ளாது, எழுத்தளவைப் பிக்சலில் ஆணியடித்திருப்பதால். தளம் கட்டுபவர்களுக்கு ஒரு வார்த்தை: எழுத்தை 200% வரை பெரிதாக்கினாலும் உள்ளடக்கமோ செயல்பாடோ தொலையக்கூடாது என்பது டபிள்யூசிஏஜி அணுகுதன்மை விதிகளிலேயே இருக்கிறது. பிரவுசரின் எழுத்தளவோடு சேர்ந்து வளரும் ரெம் அலகில் எழுதினால் பாதி வேலை முடிந்துவிடும்.

லினக்ஸிலும் போனிலும்

லினக்ஸின் க்னோம் மேசைச்சூழலில் 125% போன்ற பின்ன ஸ்கேலிங் வைத்து வேலண்டில் (திரையில் வரையும் புதிய முறை) இருக்கும்போது ஒரு நிரல் மட்டும் மங்கினால், அது பெரும்பாலும் எக்ஸ்வேலண்ட் என்ற பாலம் வழியாக ஓடும், எக்ஸ்11 என்ற பழைய முறைக்கு எழுதப்பட்ட நிரல். அந்த நிரலுக்கு வேலண்ட் பதிப்பு இருக்கிறதா என்று தேடுங்கள். இல்லையென்றால் ஸ்கேலை 100%-இல் வைத்து, ட்வீக்ஸ் கருவியில் எழுத்துப் பெருக்கத்தை 1.25 ஆக்குங்கள், மங்கல் போய்விடும்.

ஆண்ட்ராய்டில் ஃபான்ட் சைஸ், டிஸ்ப்ளே சைஸ் என்று இரண்டு தனித்தனிக் கோடுகள். வயதானவர்கள் இரண்டையும் கடைசிவரை இழுத்து வைத்திருப்பார்கள். பணம் அனுப்பும் செயலியில் உறுதிசெய்யும் பட்டன் திரைக்கு வெளியே போய்விடும். முதலில் டிஸ்ப்ளே சைஸை நடுவுக்குக் கொண்டுவாருங்கள், எழுத்தைத் தொடாதீர்கள். பெரும்பாலும் பட்டன் வந்துவிடும், படிக்கும் வசதியும் போகாது. ஆண்ட்ராய்டு 14 முதல் எழுத்து 200% வரை வளரும். ஏற்கெனவே பெரிதாக உள்ள தலைப்புகளை அது குறைவாகவும் சிறிய எழுத்தை அதிகமாகவும் வளர்ப்பதால், பழைய பதிப்புகளைவிட இடம் மிச்சமாகும்.

எதுவும் கேட்கவில்லை

அப்படியானால் நிரல் தந்தவரிடம்தான் போக வேண்டும். "சரியாத் தெரியல" என்று மட்டும் சொன்னால் "எங்க சிஸ்டத்துல நல்லாத்தான் இருக்கு" என்ற பதில்தான் வரும், ஏனென்றால் அவர்கள் பார்ப்பது பெரிய மானிட்டரில், 100%-இல். ரெசல்யூஷன், ஸ்கேல், டெக்ஸ்ட் சைஸ், எத்தனை திரை, விண்டோஸ் பதிப்பு, ஓவர்ரைடில் எதையெதை முயன்றீர்கள் என்பதை எழுதி, போனில் எடுத்த போட்டோவுக்குப் பதில் பிரிண்ட் ஸ்க்ரீன் படத்தையே இணைத்து அனுப்புங்கள். அவர்களுடைய கணினியிலும் ஸ்கேலை உங்கள் எண்ணுக்கு மாற்றி, சைன் அவுட் செய்து பார்க்கச் சொல்லுங்கள்.